மூடிய ஸ்லைடுக்குள் ஓர் இரவு: நல்லூர் ஒழுங்கையில் நடந்ததும் பிறகு நாங்கள் மாற்றியதும்

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேருக்கு முதல் நாள் விடியப்புறம் நாலரை மணிக்குப் போன் வந்தது. நான் வயரிங் செய்து, ஸ்லைட் (பக்கச் சுவரில் இருந்து வெளியே நீளும் பெட்டி) பூட்டிக் கொடுத்த, படுத்துச் சமைத்துப் போகும் கரவன் வண்டிக்குள் நெருப்பு. அணைத்துவிட்டார்கள், ஆட்களுக்குப் பெரிய சேதம் இல்லை, ஆனால் ஸ்லைட் கோணலாக இறுகி நிற்கிறது, வந்து பார் என்றார் வண்டிக்காரர். நான் போய்ச் சேர்ந்தபோது அவருடைய தாயார் மாமி வீட்டு விறாந்தையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருந்தார். 76 வயது. "கால் வைக்க இடமில்லைத் தம்பி, அதுக்குள்ள" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் அளவு நாடாவை எடுத்தேன்.

குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர்கள் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் இப்படி வண்டி கட்டுகிறவர்களும், வெளிநாட்டில் இருந்து வந்து கட்டச் சொல்லிக் கேட்கிறவர்களும் ஒரு முறை வாசிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

வண்டி

வண்டிக்காரரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவர் கனடாவில் ஸ்காபரோவில் 20 வருடம் இருந்துவிட்டு ஊரோடு வந்தவர். அங்கே கோடையில் குடும்பத்தோடு ட்ரெயிலர் இழுத்துக்கொண்டு திரிந்த பழக்கம் விடவில்லை. இங்கே ஒரு பழைய ஜப்பான் பஸ்ஸை வாங்கி, சீற்றுகளைக் கழற்றி, உள்ளே குசினி, குளிர்சாதனப் பெட்டி, கட்டில் எல்லாம் வைத்தார். உடம்பு வேலை செய்தது வேறொரு கராஜ். ஸ்லைட் அவுட்டுக்கான பல்சட்டங்களும் (பல் வெட்டிய சட்டங்கள்) மோட்டர்களும் கனடாவில் இருந்து கப்பலில் வந்தன. அவற்றைப் பூட்டியது நான்.

ஸ்லைட் அவுட்டைப் பார்க்காதவர்களுக்கு: வண்டியின் பக்கச் சுவரைப் பெரிதாக வெட்டி, தீப்பெட்டியின் உள்தட்டு மாதிரி ஒரு பெட்டியை அதற்குள் பொருத்துவார்கள். ஓடும்போது பெட்டி உள்ளே இருக்கும். நிறுத்திய பிறகு சுவிச்சை அழுத்தினால் வெளியே தள்ளிக்கொண்டு போய், உள்ளே நடக்க இடம் வரும். இந்த வண்டியில் இருந்தது சுவர் ஓரப் பல்சட்ட முறை. பெட்டியின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மோட்டர், இரண்டும் ஒரே வேகத்தில் ஓடுகின்றனவா என்று ஒரு கட்டுப்பாட்டுப் பலகை எண்ணிக்கொண்டே இருக்கும். மோட்டர்கள் 12 வோல்ற். பஸ்ஸோ 24 வோல்ற். அதனால் வீட்டுப் பக்கத்துக்குத் தனியாக 12 வோல்ற் பற்றறி வைத்து, கூரையில் சோலார் தட்டுப் போட்டிருந்தோம்.

இனி அளவுகள். இவற்றைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள், விஷயம் முழுக்க இதற்குள்தான் இருக்கிறது. உள் அகலம் 220 செ.மீ. இடப்பக்கம் குசினி மேடை 55 செ.மீ. வலப்பக்கம் ஸ்லைட் பெட்டி, 80 செ.மீ. ஆழம், அதில் 75 செ.மீ. வெளியே போகும். பெட்டிக்குள் ஒரு சோபா. அதன் இருக்கையை முன்னால் 50 செ.மீ. இழுத்தால் 130 செ.மீ. அகலக் கட்டில். ஸ்லைடை வெளியே விட்டுக் கட்டிலையும் இழுத்தால் நடைபாதை 110 செ.மீ. தாராளம். ஸ்லைட் உள்ளே, சோபா சோபாவாகவே இருந்தால் 85 செ.மீ. அதுவும் பரவாயில்லை. ஸ்லைட் உள்ளே இருக்கும்போதே கட்டிலையும் இழுத்துவிட்டால் மிச்சம் 35 செ.மீ. ஒரு ஆள் பக்கவாட்டில் ஒருக்களித்துப் போகலாம். முழங்கால் பிடித்த ஒரு அம்மா போக முடியாது.

வண்டியை ஒப்படைத்த நாளில் நாங்கள் காட்டியது முதல் நிலையை மட்டும்தான். ஸ்லைட் வெளியே, லைட் எல்லாம் எரிய, எல்லாரும் உள்ளே ஏறிப் படம் எடுத்தார்கள். மூன்றாவது நிலையை நானும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. அது என்னுடைய பிழை என்று அண்ணையிடமே சொன்னேன்.

அந்த இரவு

திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளை வாகனத்துக்கு மூடிவிடுவார்கள். வண்டியைத் தள்ளி எங்காவது விட்டுவிட்டு நடக்க வேண்டும். அண்ணையின் மாமி வீடு ஒரு ஒழுங்கைக்குள். வளவுக்குள் இடப்பக்கம் வேம்பு, வலப்பக்கம் கல் மதில். கதவு இடப்பக்கம் இருப்பதால் அந்தப் பக்கத்தை விட்டு, மதிலோடு ஒட்டி நிறுத்தினார். வண்டி கொஞ்சம் சரிந்தே நின்றது: முன் பக்கம் மதிலுக்கு 40 செ.மீ., பின் பக்கம் 15 செ.மீ. ஸ்லைடை விரிக்க வழியே இல்லை. "ஒரு இரவுதானே" என்று உள்ளேயே படுத்தார்கள். மாமி வீட்டில் படுக்கச் சொல்லி வற்புறுத்தினாராம். திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர் ஏற்கெனவே நிறையப் பேர், சிரமம் கொடுக்க வேண்டாம் என்று இவர்கள் மறுத்துவிட்டார்கள்.

அம்மாவும் 14 வயதுப் பேரனும் ஸ்லைட் கட்டிலில். அண்ணையும் மனைவியும் முன்னால். நுளம்புக்கு வலை கட்டியிருந்தார்கள். வலையின் இரண்டு கயிறு ஸ்லைட் பெட்டியின் மூலைகளில், மற்ற இரண்டு கயிறு எதிர்ப்பக்கம் குசினி அலுமாரிக் கைபிடிகளில். அதாவது வலையின் பாதி அசையும் பெட்டியில், பாதி அசையாத வண்டியில்.

நாலு மணிக்கு அண்ணை குளிக்கக் கிணற்றடிக்குப் போனார். மனைவி தேத்தண்ணி வைக்க அடுப்பை மூட்டினார். அடுப்பு மேடையின் முன் பகுதியில், கதவுக்குக் கிட்ட இருக்கிறது. காற்றாடி சுற்றிச் சுற்றி வீச, வலையின் ஓரம் அடுப்புக்கு மேலே போனது. பொலியெஸ்டர் வலை பருத்தி மாதிரிப் புகைந்து எச்சரிக்கை தராது. உடனே சுருங்கி, உருகி, எரிந்துகொண்டே சொட்டும். அவர் திரும்பிப் பார்க்கும்போது அடுப்பின் திருகுக்கு மேலேயே உருகிய வலை ஒட்டி எரிந்துகொண்டிருந்தது. கதவு அவர் பக்கம். அம்மாவும் பேரனும் நெருப்புக்கு அந்தப் பக்கம்.

பேரன் கட்டில் தலைமாட்டில் இருந்த ஸ்லைட் சுவிச்சை அழுத்தினான். இடம் வந்தால் அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓடலாம் என்று நினைத்திருக்கிறான். நான் அந்த இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று அவனிடம் சொன்னேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அப்பாவின் அம்மா என்றாலும் அவன் சின்னனில் இருந்து அவரை அம்மம்மா என்றுதான் கூப்பிடுவான்.

பெட்டி வெளியே நகர்ந்ததும் வலை இழுபட்டு விறைத்து அறுந்தது. எரிந்த துண்டுகள் கட்டில் ஓரத்தில் விழுந்தன. 15 செ.மீ. போனதும் பின் மூலை மதிலில் முட்டி நின்றது. முன் பக்க மோட்டர் இன்னும் கொஞ்சம் தள்ளியது. பெட்டி கோணலாகிப் பல்சட்டம் இறுகியது. இழுத்து வைத்த கட்டிலின் முன் கால்கள் பெட்டியில் இல்லை, வண்டித் தரையில் ஊன்றி இருந்தன. ஒரு கால் தரை விரிப்பில் கொழுவி மடங்கி, கட்டில் ஒரு பக்கம் சரிந்தது. இடம் கூடவில்லை, இருந்த இடமும் உருக்குலைந்துவிட்டது.

மனைவி வெறும் கையால் மிச்ச வலையைப் பிடுங்கி வெளியே எறிந்தார். கை பொக்களித்தது அதில்தான். அண்ணை கிணற்று வாளியோடு ஓடிவந்து ஊற்றினார். மாமியின் மகன் வெளிப் பெட்டிக்குள் இருந்த காஸ் சிலிண்டரின் வால்வை மூடினார். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் கூட இராது. அம்மாவை நெருப்பு அணைந்த பிறகுதான் கட்டிலுக்கு மேலால் தூக்கி இறக்கினார்கள்.

அளந்தபோது தெரிந்தது

முதலில் எல்லாரும் வலையைக் குற்றம் சொன்னார்கள். வலை இல்லாமல் ஆவணியில் யாழ்ப்பாணத்தில் ஒருவர் எப்படிப் படுப்பது? டெங்கு இருக்கிற ஊர். நாங்கள் வண்டி கட்டும்போது வலை கட்டுவதற்கு என்று ஒரு கொழுக்கி கூட வைக்கவில்லை. கனடாவில் இருந்து வந்த வரைபடத்தில் நுளம்பு வலை இல்லை, அதனால் எங்கள் வண்டியிலும் இல்லை. ஆட்கள் கிடைத்த கைபிடியில் கட்டினார்கள்.

அப்புறம் அவசர யன்னல். இதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசித்தேன். அவசர யன்னல் வைத்திருந்தோம், நல்ல அளவில்தான். அமெரிக்காவில் இவ்வகை வண்டிகளுக்கான என்.எஃப்.பி.ஏ. 1192 என்ற தரம் இரண்டாவது வெளியேறும் வழியைக் கட்டாயமாக்குகிறது. ஏறத்தாழ 61 செ.மீ.க்கு 43 செ.மீ. நீள்வட்டம் ஒன்று தடையில்லாமல் புகுந்து வெளியே வர வேண்டும். எங்கள் யன்னல் அதைவிடப் பெரிது. ஆனால் அதை வைத்தது ஸ்லைட் பெட்டியின் வெளிச் சுவரில். மேலே கீல் போட்டு வெளிப்பக்கமாகத் திறப்பது. ஸ்லைட் விரிந்து நிற்கும்போது அருமையான வழி. ஆனால் ஸ்லைடை எப்போது மூடி வைத்துப் படுப்போம்? வெளியே இடமில்லாதபோதுதானே. ஸ்லைடை விரிக்க விடாத அதே மதில்தான் யன்னலையும் திறக்க விடாது. இரண்டும் தனித்தனிப் பிழை இல்லை, ஒரே நேரத்தில் சேர்ந்தே வருகிற பிழை. காகிதத்தில் இரண்டு வழி உள்ள வண்டி, தேவைப்படுகிற இரவில் ஒரு வழிதான்.

தீயணைப்புக் கருவியும் அப்படித்தான். சோபாவுக்குக் கீழ் லாச்சிக்குள் இருந்தது. இருக்கையை இழுத்துக் கட்டிலாக்கினால் லாச்சியைத் திறக்க முடியாது. அதையும் யாரும் ஒரு முறை கூடச் செய்து பார்க்கவில்லை.

சுவிச் தலைமாட்டில் இருந்தது வசதிக்காக. படுத்துக்கொண்டே அழுத்தலாம் என்று அண்ணை ஆசைப்பட்டார், நான் வயரை இழுத்துக் கொடுத்தேன். ஸ்லைடை இயக்குகிறவர் அதன் பாதையைக் கண்ணால் பார்க்கக்கூடிய இடத்தில் நிற்க வேண்டும், உள்ளேயும் வெளியேயும் ஆளோ பொருளோ இல்லை என்று பார்த்த பிறகுதான் தொட வேண்டும் என்று உற்பத்தியாளர் கைநூல்கள் சொல்கின்றன. படுக்கையில் இருந்து மதில் தெரியாது. கைப்பிரேக் போட்டால்தான் மோட்டருக்கு மின்சாரம் போகும்படி பூட்டுப் போட்டிருந்தேன். ஓடும்போது திறக்காமல் இருக்க அது போதும். நின்ற வண்டியில் மதிலை அது அறியாது.

பற்றறி 11.7 வோல்ற்றில் இருந்தது. வேம்பு நிழலில் சோலார் தட்டுக்குப் பகல் முழுக்க வெயில் படவில்லை, இரவு முழுக்க இரண்டு காற்றாடி. பற்றறி சோர்ந்தால் இந்த வகை இரட்டை மோட்டர்கள் ஒத்து ஓடாமல் ஒன்று முந்தும், பெட்டி கோணலாகும். மதிலில் முட்டாவிட்டாலும் அன்று நேராகப் போயிருக்குமா என்பது சந்தேகம்தான்.

சரியாகச் செய்திருந்தது ஒன்று உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 5 கிலோ சிலிண்டரை உள்ளே மேடைக்குக் கீழ் வைக்காமல், இடப்பக்க வெளிப் பெட்டியில், அடியில் காற்றுத் துளையோடு வைத்திருந்தோம். சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையோடு படிந்து நிற்கும், 2 வீதம் அளவு கலந்தாலே பற்றும். 2021 கடைசியில் நாடு முழுக்க நடந்த காஸ் வெடிப்புகளுக்குப் பிறகு நான் எந்த வண்டியிலும் சிலிண்டரை உள்ளே வைக்க ஒப்புக்கொள்வதில்லை. அந்த இரவில் ஒருவர் வெளியே நின்றபடியே காஸை மூட முடிந்தது அதனால்தான்.

கனடாவில் எப்படி என்று அண்ணையைக் கேட்டேன். அங்கேயும் நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் லொறிகள் நிற்கும் தரிப்பிடங்களில் ஸ்லைடை விரிக்காமல் ஓர் இரவு படுத்து எழும்புவது சாதாரணமாம். அதனால் வண்டி வாங்கும்போதே விபரம் தெரிந்தவர்கள் ஸ்லைடை மூடச் சொல்லி உள்ளே ஏறிப் பார்ப்பார்களாம்: கக்கூஸ் கதவு திறக்குதா, குளிர்சாதனப் பெட்டிக் கதவு திறக்குதா, கட்டிலுக்குப் போக முடியுமா என்று. குளிர் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெப்பக் காற்று வரும் தரைத் துளைகளைச் சில வண்டிகளில் மூடிய ஸ்லைட் மறைத்துவிடும், ஹீற்றரைப் போட்டால் சூடு உள்ளேயே அடைபடும். எங்களுக்கு அது தேவையில்லை. ஆனால் இங்கே அதே இடத்தில் ஏசியின் காற்று உறிஞ்சும் வாய் இருந்தால், அதை மறைத்தாலும் பிழைதான். மூடிய நிலையில் எது எதை மறைக்கிறது என்பதை ஒவ்வொரு வண்டியிலும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

இங்கே மூடிய நிலை அதிகம் வரும். ஒழுங்கைகள் ஒடுக்கம், வளவுக்கு வளவு மதில். காரைநகர் கசூரினாக் கடற்கரையில் நிறுத்தினால் சோழகம் (தென்மேற்குக் காற்று) மணலை அள்ளி வீசும், பல்சட்டத்துக்குள் மணலும் உப்பும் போகாமல் இருக்க மூடித்தான் வைக்க வேண்டும். மாரியில் கூரை ஓரத்து றப்பர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பலத்த மழைக்கு உள்ளே எடுப்பதே மேல். வேம்புக்குக் கீழ் விரித்தால் பூவும் சருகும் பெட்டிக் கூரையில் கொட்டி, மூடும்போது றப்பரோடு உள்ளே இழுபடும். ஆக, யாழ்ப்பாணத்தில் ஓடும் வண்டிக்கு மூடிய நிலைதான் சாதாரண நிலை, விரிந்த நிலை எப்போதாவது கிடைக்கிற வசதி. நாங்கள் தலைகீழாகக் கட்டியிருந்தோம்.

மாற்றியவை

மோட்டர்களைக் கழற்றி, நாலு பேர் பெட்டியைக் கையால் தள்ளி நேராக்கினோம். ஒரு பக்கப் பல்சட்டத்தில் மூன்று பல் தேய்ந்திருந்தது, மாற்ற வேண்டி வந்தது. அது வரை வண்டி மாமி வளவிலேயே நின்றது.

பின் சுவரில் 70 செ.மீ.க்கு 50 செ.மீ. புது அவசர யன்னல் வெட்டினோம். ஸ்லைட் எந்த நிலையில் இருந்தாலும் அதற்குத் தடையில்லை. கொண்டியில் இருட்டில் ஒளிரும் நாடா ஒட்டி, வெளியே கால் வைக்க இரண்டு படி அடித்தோம். ஸ்லைட் சுவிச்சைத் தலைமாட்டில் இருந்து எடுத்து, கதவோரம் திறப்பு (சாவி) போட்டுத் திருப்புகிற மாதிரி வைத்தேன். அங்கே நின்றாலும் மதில் தெரியாது. அதனால் ஒருவர் வெளியே போய் நின்று "சரி" என்று குரல் கொடுத்த பிறகுதான் திருப்புவது என்பது அவர்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. வலைக்குக் கொழுக்கிகள் நாலும் ஸ்லைட் பெட்டியின் கூரையிலேயே வைத்தோம், எதிர்ப்பக்கம் ஒன்றும் இல்லை. தீயணைப்புக் கருவி கதவுக்குப் பக்கத்தில், புகை அலாரம் கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில்.

கட்டில் விஷயத்தில்தான் அண்ணைக்கும் எனக்கும் வாக்குவாதம். கட்டிலை இழுத்தால் காஸ் தானாக நிற்கும்படி ஒரு மின் வால்வு போட்டால் போதும் என்றார் அவர். போடலாம், போட்டோம். ஆனால் 35 செ.மீ. நடைபாதை வால்வு போட்டாலும் 35 செ.மீ.தான். நெருப்பு அடுப்பில் இருந்து மட்டும் வராது, வயரில் இருந்தும் வரும், பற்றறியில் இருந்தும் வரும். அவர் நாலைந்து நாள் யோசித்தார். கடைசியில் ஸ்லைட் உள்ளே இருக்கும்போது இருக்கை முன்னால் வராதபடி ஓர் இரும்பு ஆணிப் பூட்டுப் போட ஒப்புக்கொண்டார். மூடிய நிலையில் அது இப்போது ஒரு ஆள் படுக்கும் சோபா. மற்றவர்கள் மாமி வீட்டில் பாய் விரிக்க வேண்டியதுதான். மாமிக்கு அதில் சந்தோசம்.

ஓடும்போது அந்தச் சோபாவில் யாரும் இருப்பதில்லை என்பதையும் அப்போதே முடிவு செய்தோம். அதில் இருக்கைப் பட்டி இல்லை, பெட்டியைப் பிடித்திருப்பது பல்சட்டமும் பூட்டுக் கம்பியும் மட்டும்தான். ஜெனரேற்றர் பற்றியும் ஒரு வார்த்தை: மதிலுக்கும் வண்டிக்கும் நடுவில் உள்ள ஒடுக்கத்துக்குள் புகை போனால், காபன் மொனொக்சைட் கலைந்து போக இடமில்லாமல் உள்ளேயே வரும். அது மணக்காது, நித்திரையில் இருப்பவரை எழுப்பாது. மதிலோடு நிறுத்திய இரவில் ஜெனரேற்றர் கிடையாது, காபன் மொனொக்சைட் அலாரம் இருந்தாலும் கிடையாது.

கடைசியாக ஒரு கம்பு. 135 செ.மீ. நீளம். நிறுத்தியதும் மதிலுக்கும் வண்டிக்கும் நடுவில் முன்னாலும் பின்னாலும் பிடித்துப் பார்க்க வேண்டும். முழுக் கம்பும் போனால் ஸ்லைடை விரிக்கலாம், விரித்த பிறகும் யன்னலுக்கு 60 செ.மீ. இருக்கும். 60 செ.மீ.யில் போட்ட சிவப்புக் கோட்டுக்கும் குறைவாக இருந்தால் உள்ளே யாரும் படுப்பதில்லை.

ஐப்பசியில், முதல் மழைக்கு முன்னம், அதே வளவில் அதே மதிலோடு நிறுத்தி, லைட்டை அணைத்து, ஸ்லைடை மூடி வைத்து எல்லாரையும் இறங்கச் சொன்னோம். நான் வெளியே நேரம் பார்த்தேன். பேரன் பின் யன்னலால் 6 விநாடியில் குதித்தான், படியில் கால் வைக்கவே இல்லை. அண்ணையும் மனைவியும் கதவால். அம்மா சோபாவில் இருந்து எழும்பி, மேடையில் ஒரு கை ஊன்றி, கதவடிக்கு வர 19 விநாடி. வாசல் படி உயரம் என்றார். அடுத்த நாள் அதற்குக் கீழ் இன்னொரு படி அடித்துக் கொடுத்தேன்.